இடது காலின் தாமதம்

ஷார்ஜா
14 ஜனவரி 2024

ராஜவேல்,

உன் நம்பர் ஒன்பது மாதமாக அணைந்து கிடக்கிறது. வாட்ஸாப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிற என் செய்திகளே நாற்பது இருக்கும். மெயிலைத் திறந்து பார்க்கிற ஆளும் நீ இல்லை. அதனால் எங்கள் ஊர்க்காரர்களின் பழைய வழிக்கு வந்துவிட்டேன். பக்கத்து அறை சுரேஷ் நாளை லீவில் போகிறான். கோட்டக்குப்பத்தில் அத்தா கடையில் இதைக் கொடுப்பான். அத்தா மரக்காணம் பஸ்ஸில் யாரிடமாவது ஏற்றிவிடுவார். நீ பதில் எழுதினால் அதே கடையில் கொடு. வாரத்துக்கு ஒருவராவது எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறுகிறார்கள். யாருடைய பெட்டியிலாவது ஊறுகாய்ப் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

நான் இங்கே டயர் கிடங்கில் இருக்கிறேன். மச்சான் வாங்கிக் கொடுத்த வேலை. பதினோரு வருடம் மேடையில் கத்தின தொண்டையை வைத்துக்கொண்டு இப்போது டயர் அளவு கத்துகிறேன். கிடங்கில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கிறதாம்.

பெங்களூரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நம் இரண்டாவது ஆல்பத்தின் முதல் கச்சேரி. எண்ணூறு பேர். மூன்றாவது பாட்டின் நடுவில் நீ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். நானும் மோகனும் கிதாரை வைத்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நின்றோம். மேடைக்குப் பின்னால் வந்து கேட்டதற்கு என்னைத் திருடன் என்றாய். மோகனிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. பத்து நாளில் மச்சானுக்குப் போன் போட்டு விசா கேட்டேன். கரிப்பு என்ற இசைக்குழு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை போலிருக்கிறது. 2018இல் நாம் வாசித்தோமே, ஜெர்மனியில் அந்தப் புல்வெளித் திருவிழா, அவர்கள் மறுபடி கூப்பிடுகிறார்கள். ஆகஸ்ட் 9. மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மோகன் தயார். நான் லீவு கேட்டுவிட்டேன். டிரம்ஸுக்கு வேறு ஆள் என்றால் வர வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

திட்டியாவது எழுது.

அஃப்னான்


மரக்காணம்
11 பிப்ரவரி 2024

அஃப்னான்,

கடிதம் வந்தது. பஸ் டிரைவர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஜெர்மனிக்கு எப்போது என்று கேட்டார்.

போன் உப்பளத்துக் கால்வாயில் விழுந்தது. எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. குனியத் தோன்றவில்லை.

பெங்களூரில் ஏன் எழுந்து போனேன் என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய். அன்று பஸ்ஸில் வரும்போதுதான் ஆல்பத்தை முதல் தடவை முழுசாகக் கேட்டேன். கை என்னுடையது. கால் என்னுடையதில்லை. எட்டுப் பாட்டிலும் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு கால் ஓடுகிறது. மேடையில் மூன்றாவது பாட்டு வந்தபோது அந்த மெஷினோடு ஓடப் பார்த்தேன். ஓட முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

இங்கே இப்போது பாத்தி மிதிக்கிற சமயம். மழையில் ஊறின சேற்றை மிதித்து இறுக்காவிட்டால் உப்பில் மண் ஏறிவிடும். பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கால் வைத்து மிதிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் அந்த இடம் மட்டும் இளகி நிற்கும். பத்து வயதிலிருந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மிதித்தவன் நான். இரண்டு காலாலும் மாற்றி மாற்றி டிரம் அடிக்கிற டபுள் பெடல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். வலது கால் சேற்றை அமுக்கும். இடது கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும், அதனால் ஒரு நூல் தாமதித்து விழும். என் வாசிப்பில் இருந்தது அதுதான். ஜெர்மனியில் ஒரு தாடிக்காரர் வந்து உன் இடது கால் குடித்திருக்கிறதா என்று கேட்டுக் கட்டிப்பிடித்தாரே, நீதானே மொழிபெயர்த்தாய். கரிப்பில் கரிப்பதே அதுதான் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்ததும் நீதான்.

அதைத்தான் துடைத்து எடுத்திருக்கிறீர்கள்.

சவுண்ட் இன்ஜினியர் சகாயராஜ் தானாக இதைச் செய்கிற ஆள் இல்லை. யார் செய்யச் சொன்னது?

ஜெர்மனிக்கு நான் வரவில்லை.

ராஜவேல்


ஷார்ஜா
12 மார்ச் 2024

ராஜவேல்,

இன்று இரண்டாவது நோன்பு. மூளை பாதிதான் வேலை செய்கிறது, அதனால் கோபப்படாமல் படி.

இப்போது ஹெவி மெட்டலில் எல்லோருடைய டிரம்ஸையும் கம்ப்யூட்டரில் வைத்து நேராக்கத்தான் செய்கிறார்கள். நாம் கும்பிடுகிற ஆட்களுக்கும் இதே கதிதான். சகாயராஜ் எங்கே எவ்வளவு செய்தார் என்று எனக்கு நினைவில்லை. ஆல்பம் முடிகிற அவசரத்தில் ஆயிரம் விஷயம். என் குரலையும்தான் இரண்டு இடத்தில் மாற்றினார். நான் எழுந்து போகவில்லையே.

நீ கால், கால் என்கிறாய். கேட்கிறவர்களில் ஒருவராவது கண்டுபிடித்தார்களா? ஒருவர்கூட இல்லை. நாம் இரண்டு பேரும் நம் வீட்டுத் தரையில் ஒரு டைல் சரியாக இல்லையென்று பதினோரு வருடத்தை இடித்துப் போட்டிருக்கிறோம்.

பெரிய முதலியார்சாவடி ஷெட்டை நினைத்துக்கொள்கிறேன். தகரக் கூரை. நீ அடிக்க ஆரம்பித்தால் பல்லி கீழே விழும். எட்டு வருடம் அங்கேதானே இருந்தோம். ஒரே பாய், ஒரே தட்டு, ஒரே சோப்பு. உன் பழைய செருப்பைக்கூட நான்தான் தேய்த்து முடித்தேன். அத்தா என்னைத் தேடி வந்து, உன்னிடம், "தம்பி, இவனுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குது, ஞாபகப்படுத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெர்மனிக்காரர்களிடம் மே கடைசி வரை தவணை கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். உனக்காகத்தான்.

அஃப்னான்


மரக்காணம்
30 மார்ச் 2024

அஃப்னான்,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எழுத்தில் இவ்வளவு பொய் சொல்வாய் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் காதைச் சொறிவாய், கண்டுபிடித்துவிடலாம்.

உப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது. காலை நாலரைக்கு அளத்துக்குப் போகிறேன், பத்துக்குத் திரும்புகிறேன். மத்தியானம் தூங்குகிறேன். நடுவில் எதுவும் இல்லை. சந்தோஷமா துக்கமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. நல்லவேளை, யாரும் கேட்பதில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினை ஓட விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ கருகுகிற நாற்றம். இன்ஜின் பெல்ட் என்று நினைத்து எழுந்தேன். என் இடது கால்தான். புகைக்குழாயின் மேல் வைத்திருந்திருக்கிறேன். தோல் வழண்டு வெள்ளையாக இருந்தது. வலி இல்லை. அம்மாவிடம் காட்டினேன். பச்சிலை வைத்துக் கட்டிவிட்டு, "உப்புத்தண்ணில நிக்கிற காலு மரத்துப்போகாம மல்லிப்பூவாட்டமா இருக்கும்? எனக்குந்தான் ரெண்டு காலும் மரக்கட்டை. உங்கப்பாவுக்கு முழங்கால் வரைக்கும்" என்றாள். அளத்தில் அத்தனை பேருக்கும் அப்படித்தான். செருப்பு கழன்று போனதே தெரியாமல் அரை மைல் நடந்து வருவார்கள், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். திருத்துவதற்கு முன்னால் நான் வாசித்தது அப்படியே சகாயராஜிடம் இருக்கும். அதை எனக்கு அனுப்பு. பழையவையும் சேர்த்து, முதல் டெமோவிலிருந்து. என் கால் அதில் இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால், ஜெர்மனியில் அந்தக் காலோடு வாசிக்கிறேன். ஆல்பத்தையும் அந்தக் காலோடு மறுபடி போட வேண்டும்.

இல்லையென்றால் எழுதாதே.

ராஜவேல்


ஷார்ஜா
14 ஏப்ரல் 2024

ராஜவேல்,

பென் டிரைவ் இந்த உறைக்குள் இருக்கிறது. வருடவாரியாகப் போட்டிருக்கிறேன். 2013, 2018, 2021, 2023. டிரம்ஸ் மட்டும். பெருநாள் முடிந்து சம்பந்தி வீட்டார் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுக்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

திருத்தச் சொன்னது நான்தான். சகாயராஜ் வேண்டாமென்றுதான் சொன்னார். "உங்க டிரம்மர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, இது தப்பு" என்றார். நான் கேட்கவில்லை.

முதலில் கவனித்தது 2021இல். ஊரடங்கு தளர்ந்து ஒற்றைப் பாட்டு ஒன்று பதிந்தோமே, அப்போது. உன் இடது கால் ஒரு நூல் இல்லை, ஒரு விரற்கடை பின்னால் விழுந்தது. நாலு அடிக்கு ஒன்று விழவே இல்லை. நீ வெளியே வந்து, "செம்மையா வந்துருக்குல்ல?" என்று கேட்டாய். அந்த வருடம்தான் உன் அப்பா கொரோனாவில் போயிருந்தார். அர்ச்சுனன் மாமாவை நாம் இரண்டு பேரும் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான். டிரம்ஸ் ஒன்றுதான் உனக்கு மிச்சம் என்று நினைத்தேன். அதையும் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாண்டா, செம்மை என்றேன். நீ வீட்டுக்குப் போன பிறகு சகாயராஜோடு உட்கார்ந்து ஒவ்வோர் அடியாக நகர்த்தினோம்.

அதற்கப்புறம் பழகிவிட்டது. மேடையில் என் கிதார் சத்தத்தை ஏற்றி வைத்து உன் காலை மறைத்தேன். நீ பயிற்சியை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். குடிக்கிறாயோ என்றுகூட ஒரு தடவை உன் பையைப் பார்த்தேன். மன்னித்துக்கொள். உடம்புக் கோளாறாக இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இப்போது நீ சுட்டுக்கொண்ட கதையைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போ. பச்சிலை போதாது.

நீ சொன்ன வார்த்தை சரிதான். திருடினேன். ஆனால் உன்மேல் இருந்த பாசத்தில்தான் திருடினேன் என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன்.

அஃப்னான்


மரக்காணம்
19 மே 2024

அஃப்னான்,

கேட்டேன்.

2013இல் இரண்டு காலும் சமமாக விழுகின்றன. தாமதம் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. நான் சொன்ன பாத்திக் கதையெல்லாம் நானே பின்னால் கட்டிக்கொண்டது போல. 2018இல் ஒரு நூல். தாடிக்காரர் கட்டிப்பிடித்தது அதற்குத்தான். 2021 நீ சொன்ன மாதிரி. 2023இல் இடது கால் இருக்கிறது என்பதே சில இடத்தில்தான் தெரிகிறது. ஒரே மூச்சில் நாலையும் கேட்டேன். ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைப் பத்து வருடம் பதிவு செய்து வைத்திருக்கிறோம். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே சந்தியா என்று ஒரு நர்ஸ். காலுக்கு என்ன என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கின லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். "இது 2013, இது 2023" என்றேன். கேட்டுவிட்டு, "ஏங்க, இது ரெண்டும் எனக்கு லாரி ஸ்டார்ட் ஆவுற சத்தமாத்தான் கேக்குது. காலைக் காட்டுங்க" என்றாள்.

கண்ணை மூடச் சொன்னாள். பேனா முனையால் தொடுவாளாம், தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டுமாம். வலது காலில் எல்லாம் சரியாகக் காட்டினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் தொடவில்லை. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். "பதினாலு தடவை தொட்டுட்டேங்க" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் கொஞ்சம் வெளுத்த ஒரு தேமல் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியாது. டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பை அமுக்கிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருக்கிறதாம்.

தொழுநோய்.

நீ படிக்கும்போது எப்படி இருக்குமென்று தெரியவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. பஸ் நம்பர் கேட்ட மாதிரி கேட்டுக்கொண்டேன். ஆறு மாதம் மாத்திரை. முதல் வேளை அங்கேயே விழுங்கினேன். இனி என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாதாம். நோய் முழுசாகப் போய்விடுமாம். கால் வராதாம். பலம் குறைய ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். 2021இல் ஒரு விரற்கடை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நினைத்துக்கொண்டேன். உன்னை மட்டும் சொல்ல மாட்டேன். மரத்துப்போன காலைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில் பிறந்தவன் நான். இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு படிவம் கொண்டுவந்தாள். வருடக்கணக்காகக் கூடவே நெருங்கி இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதினாள். அவர்களையும் பரிசோதித்து, ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுப்பார்களாம், வராமல் இருக்க. அம்மா பெயரைச் சொன்னேன். அடுத்தது உன் பெயரைச் சொன்னேன். விலாசம் அத்தா கடை.

நீ அங்கேயே யாரிடமாவது காட்டு. கண்ணை மூடிக்கொண்டு பேனாவால் தொடச் சொல்.

ஜெர்மனிக்கு இல்லை என்று எழுதிவிடு.

ராஜவேல்


ஷார்ஜா
20 ஜூன் 2024

ராஜவேல்,

ஜெர்மனிக்கு எழுதிவிட்டேன். அவர்கள் நலம் விசாரித்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அறையில் ஆறு பேர். படித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அதைச் சொல்லக்கூட எனக்கு அருகதை இல்லை. மூன்று வருடம். ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். இதற்கு மேல் எழுதினால் நான் உன்னிடம் ஆறுதல் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்தால் என்னை வெறுப்பாய். எழுதாமலும் இருக்க முடியவில்லை. அந்தப் படிவத்திலிருந்து என் பெயரை அடித்துவிடு.

அடுத்த மாதம் எனக்கு விசா புதுப்பிக்க மெடிக்கல். இங்கே இந்த நோயின் பெயரைச் சொன்னாலே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா பொய்யா என்று யாரிடம் கேட்பது? அங்கே கடைக்குச் சுகாதாரத் துறை ஆள் வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தால் அரை நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. கட்டின பெண்டாட்டி ஷாகிராவிடம்கூட இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

என் உடம்பில் ஒன்றும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டேன். பேனாவால் யாரைத் தொடச் சொல்வது?

அடித்துவிடு ராஜவேல். உன் கால்மேல் ஆணையாகக் கேட்க வாய் வருகிறது, அதையும் விழுங்கிக்கொள்கிறேன்.

அஃப்னான்


மரக்காணம்
14 ஜூலை 2024

அஃப்னான்,

அடித்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை. அவளுடைய கால் மரத்தது வேறு கணக்காம், உப்பினாலும் வயதினாலும். மாத்திரையை விழுங்கிவிட்டு, கசப்பே இல்லையே என்றாள்.

மாதத்துக்கு ஒரு நாள் பெரிய மாத்திரை. அன்றைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகிறது. வேறு விசேஷம் இல்லை. இடது பாதம் முன்பக்கம் தூக்கவே வராது, தொங்கும். கயிறு கட்டின ஒரு செருப்பு கொடுத்திருக்கிறார்கள். அளத்தில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். உப்புக் குவியலுக்குக் கீற்று போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷெட்டிலிருந்து டிரம்ஸைக் கொண்டுவந்து வீட்டுப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வலது கால் அடித்துவிட்டு இடது காலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. எழுந்துவிட்டேன்.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நீயும் எழுத வேண்டாம்.

ராஜவேல்


கோட்டக்குப்பம்
26 ஜனவரி 2025

ராஜவேல்,

ஆறு மாதம் எழுதாமல் இருந்தேன். நீ சொன்னதற்காக இல்லை. எழுத முகம் இல்லை.

நவம்பர் கடைசியில் அடித்த புயலில் அத்தா கடையில் இடுப்பளவு தண்ணீர். அதைச் சொல்லி லீவு வாங்கி வந்தேன். வந்த இரண்டாம் நாள் ஷாகிராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தது ஒன்றுக்கு, கோபப்பட்டது வேறொன்றுக்கு. "எட்டு வருஷம் ஒரே தட்டுல தின்னீங்க. இப்ப ஒரு மாத்திரை திங்கப் பயமா உங்களுக்கு?" என்றாள். என் கண்ணைத் தன் துப்பட்டாவால் கட்டிவிட்டு, தொப்பி மாட்டின பேனாவால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தொட்டுப் பார்த்தாள். எல்லா இடமும் தெரிந்தது. ஒவ்வொரு தொடுதலும் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதோடு விடவில்லை, ஆஸ்பத்திரியில் காட்டித்தான் ஆக வேண்டும் என்றாள். கோட்டக்குப்பத்தில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பயந்துதான் மரக்காணம் வந்தேன். வீரமெல்லாம் இல்லை. வழியெல்லாம் அளங்கள் குளம் மாதிரி கிடந்தன. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை எழுந்து நின்றேன்.

சந்தியாவிடம் பெயரைச் சொன்னேன். சும்மா தேமல் பார்க்க வந்தேன் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டக்குப்பம் அஃப்னானா? மே மாசத்துலருந்து உங்க பேரு ரிஜிஸ்டர்ல நிக்குது. அந்தப் பேருக்கு மட்டும் டிக் அடிக்க முடியலன்னு மேலருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க" என்றார்.

அடித்துவிட்டதாக எழுதினாயே என்று எனக்குள்தான் கேட்டுக்கொண்டேன். விலாசத்தை மட்டும்தான் நீ அடிக்கச் சொன்னாயாம். வீட்டுக்கெல்லாம் போகாதீங்க, அவனே வருவான் என்றாயாம். எட்டு மாதம் அந்தப் பெயர் அங்கே நின்றிருக்கிறது.

அங்கேயே என்னையும் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன். டிக் அடித்தார்.

அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. செங்கல்பட்டில் காலுக்கு ஆபரேஷன், தசைநாரை இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று உன் அம்மா ஞானாம்பாள் அத்தை சொன்னார். என்னைப் பார்த்து அவர் ஒன்றும் திட்டவில்லை. சோறு போட்டார். நான் சாப்பிட்ட தட்டு உன்னுடையது என்று நினைக்கிறேன், அடியில் ஆணியால் கீறின கரிப்பு என்ற எழுத்து இருந்தது.

செங்கல்பட்டுக்கு வர வேண்டும் என்றுதான் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். நீ வரச் சொல்லாமல் வர முடியவில்லை. இந்தக் கடிதத்தை அத்தையிடம் விட்டுப் போகிறேன். மார்ச் 10 வரை ஊரில் இருக்கிறேன்.

அந்த நர்ஸிடம் ஒன்று கேட்கவில்லை. படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவர் கை மறைத்திருந்தது.

அஃப்னான்


செங்கல்பட்டு
2 மார்ச் 2025

அஃப்னான்,

உன் கடிதத்தை அம்மா நாலு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டு அலைந்துவிட்டுக் கொண்டுவந்தாள். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. மீதியை ஊகித்துக்கொண்டேன்.

பொய் எழுதினேன்தான். நீ மட்டும்தான் எழுத வேண்டுமா.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என்ன உறவு என்று சந்தியா கேட்டாள். கூட வாசித்தவன் என்றேன். அப்படி எழுத அதில் இடமில்லை, குடும்பம், அக்கம்பக்கம், மற்றவர், இந்த மூன்றில் ஒன்றுதான் என்றாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "குடும்பம்னு போட்டுக்கவா?" என்று கேட்டாள். போட்டுக்கோங்க என்றேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. குடும்பம்தான், அவ்வளவுதான். கோபம் வருமென்று நானும் இத்தனை மாதம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலில் பேனா பட்ட மாதிரிதான் இருக்கிறது, பட்டதாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

இங்கே பக்கத்துக் கட்டிலில் முருகையன் என்று ஒருவர். விரல்கள் மடங்கிப் போய், ஆபரேஷன் செய்து நிமிர்த்தியிருக்கிறார்கள். நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். டிரம்ஸ் என்றேன். கல்யாணத்துக்கா என்றார். இல்லை, சும்மா என்றேன்.

நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் கட்டுக்குள் போனதைவிட மெலிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. உள்பக்கத்துத் தசைநாரை எடுத்து முன்பக்கம் கட்டியிருக்கிறார்கள். அது இதுவரை செய்யாத வேலையை இனி செய்ய வேண்டுமாம். தொட்டால் தெரியாது, அது திரும்பி வராது. அசைவு வரலாம் என்றார் டாக்டர். கண்ணால் பார்த்துக்கொண்டே தூக்கச் சொன்னார்.

பார்த்தேன். தூக்கு என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. சரி என்று கண்ணை எடுக்கப் போன சமயத்தில் பாதம் எழும்பியது. ஒரு விரற்கடை உயரம் இருக்கும். மறுபடி நினைத்தேன். மறுபடியும் அதே இடைவெளி விட்டு எழும்பியது. எனக்குள் ஏதாவது நடக்குமென்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முருகையன்தான் அழுதார். நான் வலது காலை லேசாகத் தரையில் தட்டிப் பார்த்தேன். வலது, அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் இடது. திரும்பத் திரும்ப அதே இடைவெளி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிசியோதெரபிக்காரர், போதும் இன்றைக்கு, நிறுத்துங்கள் என்றார். நான் இருபது தடவை எண்ணின பிறகுதான் நிறுத்தினேன்.

10ஆம் தேதிக்குள் வருவதாக இருந்தால் காலை ஒன்பதுக்கு வா. பத்து மணிக்குப் பயிற்சி. சத்தத்தைப் பிடித்துக்கொள்கிற அந்தச் சின்ன ரிகார்டரை எடுத்துக்கொண்டு வா. தரையில் வைத்து ஓட விடு.

தாமதமாகத்தான் விழும். திருத்தாதே.

ராஜவேல்